போரும் எண்ணெய்க் கடல்வழியும்

நம் நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்திற்கும் மேற்பட்ட பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பல் வழியே வந்து சேருகிறது. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 23 கோடி டன் கச்சா எண்ணெயை இறக்குமதி செய்தோம். அதற்காக 13,000 கோடி டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி செலவாயிற்று. உழவரின் இறைவை எஞ்சின், சரக்கு லாரி, மீனவரின் விசைப்படகு, அடுக்களையிலுள்ள எரிவாயு அடுப்பு ஆகிய அனைத்தும் இக்கடல்வழியோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஆதலால் மேற்கு ஆசியாவில் போர் மூளும்போதெல்லாம் நம் நாட்டில் இரு கேள்விகள் எழுகின்றன. எண்ணெய் கிடைக்குமா? கிடைத்தால் என்ன விலைக்குக் கிடைக்கும்?

கப்பல்கள் தாக்கப்பட்டால் எண்ணெய் விலை ஏறும் என்பது பொதுவான எண்ணம். வரலாறு அவ்வளவு எளிதான விடையைத் தரவில்லை. 1984 முதல் 1988 வரை பாரசீக வளைகுடாவில் 400-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்குதலுக்குள்ளாயின. அப்போரின் நடுவே, 1986-ஆம் ஆண்டில், எண்ணெய் விலை பீப்பாய் ஒன்றுக்கு 10 டாலர் அளவிற்குச் சரிந்தது. இதற்கு மாறாக, 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது கடல்வழி திறந்தே இருந்தது. ஆயினும் இரண்டே மாதங்களில் விலை இருமடங்கிற்கு மேல் உயர்ந்தது. இம்முரண்பாட்டின் காரணத்தை விளங்கிக்கொண்டால், போர்க்காலத்தில் அரசும் மக்களும் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

போர் தொடும் மூன்று இடங்கள்

எண்ணெய் வாணிபத்தைப் போர் மூன்று இடங்களில் தொடுகிறது. முதலாவது ஊற்று, அதாவது எண்ணெய்க் கிணறுகளும் அவற்றைச் சார்ந்த நிலையங்களும். இரண்டாவது வழி; கப்பல்கள் செல்லும் கடற்பாதையும் துறைமுகங்களும். மூன்றாவது எதிர்பார்ப்பு, நாளை என்ன நேருமோ என்று வாங்குவோரும் விற்போரும் கொள்ளும் மதிப்பீடு.

ஊற்று அடைபட்டால் உலகில் உள்ள எண்ணெயின் அளவே குறைகிறது. இதுவே உண்மையான பற்றாக்குறை. வழி தடைபட்டால் எண்ணெய் குறைவதில்லை. அது வந்து சேரும் நாளும் செலவும் கூடுகின்றன. எதிர்பார்ப்பு மாறினால் எண்ணெயும் குறையாது, வழியும் நீளாது. விலை மட்டும் ஏறும். அச்சம் தணிந்ததும் அதே வேகத்தில் இறங்கும். மூன்றும் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் ஒரே தோற்றத்தில் வருகின்றன. ஆனால் மூன்றிற்கும் மருந்து வேறு வேறு.

வழி நீளும்போது

கடற்பாதையில் நேரும் இடையூற்றிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சூயஸ் கால்வாய். 1956-ஆம் ஆண்டுப் போரில் மூடப்பட்ட கால்வாய் 1957-இல் திறக்கப்பட்டது. 1967 ஜூன் மாதப் போரில் மீண்டும் மூடப்பட்டு, எட்டு ஆண்டுகள் கழித்து 1975 ஜூன் மாதத்தில்தான் திறக்கப்பட்டது. அவ்வெட்டு ஆண்டுகளும் வளைகுடா எண்ணெய் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே ஐரோப்பாவிற்குச் சென்றது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளைகுடாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவிற்குச் சூயஸ் வழியே ஏறத்தாழ 6,500 கடல் மைல். நன்னம்பிக்கை முனை வழியே ஏறத்தாழ 11,000 கடல் மைல். நாளொன்றுக்கு 360 கடல் மைல் செல்லும் கப்பல், போய்த் திரும்ப முதல் வழியில் சுமார் 36 நாளும் இரண்டாம் வழியில் சுமார் 61 நாளும் எடுத்துக்கொள்ளும். எனவே 100 கப்பல்கள் செய்துவந்த வேலையைச் செய்ய ஏறத்தாழ 170 கப்பல்கள் தேவைப்படும். ஒரு கப்பலும் மூழ்காமலே உலகின் கப்பல் பலம் பெருமளவு குறைந்துவிட்டதற்கு இது சமம். கப்பல் கட்டணம் உயர்வதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

எனினும் வாணிபம் இதற்கும் வழி கண்டது. நீண்ட பாதைக்கேற்ப இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றும் மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் பெருமளவில் கட்டப்பட்டன. பெரிய கப்பலில் டன் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைவு. ஆதலால் கால்வாய் மூடப்பட்டதன் சுமையில் ஒரு பகுதி காலப்போக்கில் கரைந்தது. சுற்றுவழி ஒன்று இருக்கும் வரையில் கடற்பாதை இடையூறு செலவை உயர்த்துமேயன்றிப் பஞ்சத்தை உண்டாக்குவதில்லை.

காப்பீட்டின் பங்கு

போர்க்காலத்தில் கப்பலை நிறுத்துவது பல வேளைகளில் பீரங்கியன்று, காப்பீடுதான். காப்பீடு இல்லாத கப்பலுக்கு வங்கி கடன் தராது. துறைமுகம் இடம் தராது. சரக்கு உரிமையாளர் சரக்கேற்ற மாட்டார். சாதாரண கப்பல் காப்பீட்டில் போரால் நேரும் சேதம் சேர்வதில்லை. அதற்கெனத் தனியே போர் அபாயக் காப்பீடு எடுக்க வேண்டும். லண்டன் காப்பீட்டுச் சந்தையைச் சேர்ந்த கூட்டுப் போர்க் குழு, அபாயம் மிகுந்த கடற்பகுதிகளின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறது. அப்பட்டியலில் உள்ள கடற்பகுதிக்குள் நுழையும் கப்பல், ஒவ்வொரு பயணத்திற்கும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இது கணக்கிடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 10 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு கப்பல் 20 லட்சம் பீப்பாய் எண்ணெயுடன் செல்வதாகக் கொள்வோம். கட்டணம் 0.05 சதவீதமானால் 50,000 டாலர். பீப்பாய் ஒன்றுக்கு இரண்டரை சென்ட் மட்டுமே. அபாயம் மிகுந்து கட்டணம் ஒரு சதவீதமாக, அதாவது இருபது மடங்காக உயர்ந்தால், 10 லட்சம் டாலர். பீப்பாய் ஒன்றுக்கு 50 சென்ட். பீப்பாய் விலை 80 டாலராக இருக்கும்போது 50 சென்ட் தாங்க முடியாத சுமையன்று.

இக்கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. காப்பீடு எவ்வளவு உயர்ந்தாலும், அது கிடைக்கும் வரையில் எண்ணெய் நகர்ந்துகொண்டிருக்கும். காப்பீட்டாளர் பொறுப்பேற்க மறுக்கும் நாளில்தான், அல்லது உயிருக்கு அஞ்சி மாலுமிகள் பயணத்திற்கு மறுக்கும் நாளில்தான் வழி உண்மையில் அடைபடுகிறது. ஆகவே போர்ச் செய்திகளில் எத்தனை கப்பல் தாக்கப்பட்டது என்பதைக் காட்டிலும், எத்தனை கப்பல் நுழைய மறுத்தது என்பதையே கவனிக்க வேண்டும்.

இரு போர்கள் தரும் பாடம்

1980 செப்டம்பரில் தொடங்கிய ஈரான்-ஈராக் போர், 1984 முதல் கப்பல்கள் மீதான போராகவும் மாறியது. ஈரானின் கார்க் தீவில் எண்ணெய் ஏற்றும் கப்பல்களை ஈராக் விமானங்கள் தாக்கின. ஈராக்கிற்குத் துணை நின்ற குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களை ஈரான் தாக்கியது. 1987-இல் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்கள் அமெரிக்கக் கொடியேற்றி, அந்நாட்டுக் கடற்படையின் காவலோடு சென்றன. அவ்வாறு சென்ற முதல் அணியிலேயே ஒரு கப்பல் கடற்கண்ணியில் மோதிச் சேதமுற்றது. 1988 மே மாதத்தில், உலகிலேயே மிகப் பெரிய கப்பலான ‘சீவைஸ் ஜயன்ட்’ குண்டுவீச்சில் தீப்பற்றியது.

இத்தனைக்கும் பின் எண்ணெய் நின்றுவிடவில்லை. பெரிய எண்ணெய்க் கப்பல் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது; ஓர் ஏவுகணையால் எளிதில் மூழ்குவதில்லை. தாக்குதலுக்கு அஞ்சிய வாங்குவோருக்கு ஈரான் விலையில் தள்ளுபடி அளித்தது. கார்க் தீவிலிருந்து தெற்கேயுள்ள தீவுகள் வரை தன் பொறுப்பில் எண்ணெயைக் கொண்டுசென்று, அங்கே பிற நாட்டுக் கப்பல்களில் ஏற்றியது. ஈராக்கோ துருக்கி வழியாகவும் சவூதி அரேபியா வழியாகவும் செல்லும் குழாய்களை நாடியது.

எல்லாவற்றிற்கும் மேலாக, அன்றைய உலகில் எண்ணெய் மிகுந்திருந்தது. 1979-80-இல் ஏறிய விலையால் நுகர்வு சுருங்கியிருந்தது. வடகடல், அலாஸ்கா, மெக்சிகோ ஆகிய இடங்களிலிருந்து புதிய எண்ணெய் சந்தைக்கு வந்தது. விலையைக் காக்கத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்த சவூதி அரேபியா, 1985-இன் இறுதியில் அக்கொள்கையைக் கைவிட்டது. ஆகவே கடலில் கப்பல்கள் எரிந்துகொண்டிருந்தபோதே விலை சரிந்தது.

1990-இல் நேர்ந்தது வேறு. குவைத் கைப்பற்றப்பட்டதும் ஐக்கிய நாடுகளின் தடையால் ஈராக், குவைத் ஆகிய இரு நாடுகளின் எண்ணெயும் சந்தையிலிருந்து நீங்கியது. நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய்க்கு மேற்பட்ட ஊற்று ஒரே வாரத்தில் அடைபட்டது. ஜூலை மாதத்தில் 17 டாலர் அளவில் இருந்த விலை, அக்டோபரில் 40 டாலரைக் கடந்தது. பின்னர் சவூதி அரேபியாவும் பிற நாடுகளும் உற்பத்தியைப் பெருக்கி இக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்தன. 1991 ஜனவரி 17-ஆம் நாள் போர் தொடங்கியபோது விலை ஏறவில்லை. ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சவூதி எண்ணெய் வயல்கள் பாதுகாப்பாக உள்ளன என்பது தெரிந்ததும், வளர்ந்த நாடுகள் தம் சேமிப்பை வெளியிட முன்வந்ததும் அச்சத்தைப் போக்கின. ஊற்றும் எதிர்பார்ப்பும் விலையை எவ்வாறு ஆள்கின்றன என்பதற்கு அவ்வாறு மாதங்களும் சான்று.

இந்தியா கொடுத்த விலை

உலகச் சந்தையில் ஆறு மாதத்தில் தணிந்த அந்த அலை, நம் நாட்டில் ஆழ்ந்த வடுவை விட்டுச் சென்றது. இறக்குமதி எண்ணெயின் சுமையை நாம் அறியாதவர்களல்லர். 1973 அக்டோபர்ப் போரையடுத்து, சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய் விலை 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியபோது, நம் எண்ணெய் இறக்குமதிச் செலவு 1972-73-இல் இருந்த சுமார் 200 கோடி ரூபாயிலிருந்து இரண்டே ஆண்டுகளில் 1,100 கோடி ரூபாயைக் கடந்தது. 1974-இல் கண்டறியப்பட்டு 1976-இல் உற்பத்தியைத் தொடங்கிய பம்பாய் ஹை வயல் அச்சுமையை ஓரளவு குறைத்தது. ஆனால் 1980-களின் பிற்பகுதியில் நுகர்வு உள்நாட்டு உற்பத்தியை மீண்டும் முந்திச் சென்றது.

இந்நிலையில் 1990-ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. 1989-90-இல் சுமார் 380 கோடி டாலராக இருந்த பெட்ரோலிய இறக்குமதிச் செலவு 1990-91-இல் சுமார் 600 கோடி டாலராயிற்று. குவைத்திலும் ஈராக்கிலும் பணிபுரிந்த நம்மவர் தாயகத்திற்கு அனுப்பிவந்த பணம் நின்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரை விமானங்களில் அழைத்து வர வேண்டியதாயிற்று. அவ்விரு நாடுகளுக்குமான ஏற்றுமதியும் அறுந்தது. பற்றாக்குறையாலும் குறுகிய காலக் கடனாலும் முன்பே வலுவிழந்திருந்த அயல்நாட்டுச் செலுத்துநிலை இந்த அடியைத் தாங்கவில்லை. 1991-ஆம் ஆண்டின் நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. மே மாதத்தில் 20 டன் தங்கமும், ஜூலை மாதத்தில் ரிசர்வ் வங்கியின் கையிருப்பிலிருந்து ஏறத்தாழ 47 டன் தங்கமும் வெளிநாடு சென்றன.

இக்கட்டுரையாளர் அப்போது பொருளாதார முதுகலை மாணவர். செலுத்துநிலை என்பது பாடநூலில் ஓர் அட்டவணையாக இருந்தது. விடுதிச் சமையற்கூடத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்து ஒரு வேளை உணவு தவறியபோதும், தங்கம் விமானமேறிய செய்தியை நூலகத்தில் படித்தபோதும்தான் அவ்வட்டவணையின் பொருள் விளங்கியது. தொலைவில் நிகழும் போர், ஆயத்தமில்லாத நாட்டின் கருவூலத்தையே திறக்க வைக்கும் என்பதே அதன் பொருள்.

அண்மை நிகழ்ச்சிகள்

அண்மைக் காலத்திலும் மூன்று வகை இடையூறுகளையும் காண்கிறோம். 2019 செப்டம்பர் 14-ஆம் நாள் சவூதி அரேபியாவின் அப்கைக் நிலையம் தாக்கப்பட்டு, நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. அளவில் 1990-ஐவிடப் பெரிய இழப்பு. சந்தை திறந்த முதல் நாளில் விலை ஏறத்தாழ 15 சதவீதம் உயர்ந்தது. ஆனால் உற்பத்தி சில வாரங்களில் சீரானதால், மாத இறுதிக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது.

2023 நவம்பர் முதல் செங்கடலில் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். பாப் எல்-மண்டெப் ஜலசந்தி வழியே செல்லும் எண்ணெயின் அளவு 2024-இல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கப்பல்கள், 1967-இல் போலவே, நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. 2024 ஜனவரியில் ‘மார்லின் லுவாண்டா’ என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியபோது அதில் 22 இந்திய மாலுமிகள் இருந்தனர். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் விரைந்து சென்று தீயணைப்பில் உதவியது. கப்பல் கட்டணமும் காப்பீடும் உயர்ந்தன. எனினும் 2024-ஆம் ஆண்டின் சராசரி எண்ணெய் விலை முந்தைய ஆண்டைவிட உயரவில்லை. வழி தடைபட்டது, ஊற்று தடைபடவில்லை.

2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் பன்னிரண்டு நாள் போர் நடந்தது. அதற்கு முன் 69 டாலர் அளவில் இருந்த பிரென்ட் எண்ணெய் விலை 79 டாலரை நெருங்கியது. போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் 67 டாலர் அளவிற்கு இறங்கியது. எதிர்பார்ப்பால் மட்டும் ஏறும் விலை எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதற்கு இது விளக்கம்.

சுற்றுவழியற்ற வாயில்

இதுவரை கூறியவற்றிலிருந்து, கடல்வழித் தடைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது பிழையாகும். ஏனெனில் ஹோர்முஸ் ஜலசந்தி பிற வழிகளைப் போன்றதன்று. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். கப்பல்கள் உள்ளே வரவும் வெளியே செல்லவும் ஒதுக்கப்பட்ட பாதைகள் ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோமீட்டர் அகலமே உடையவை. 2024-இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய், அதாவது உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு, இவ்வழியே சென்றது.

சவூதி அரேபியாவிற்குச் செங்கடல் கரையிலுள்ள யான்பு வரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் உண்டு. ஐக்கிய அரபு நாடுகளுக்கு ஜலசந்திக்கு வெளியேயுள்ள புஜைரா துறைமுகம் வரை 2012 முதல் ஒரு குழாய் உண்டு. இரண்டும் முழுத்திறனில் இயங்கினாலும் ஜலசந்தி வழியே செல்லும் அளவில் பாதியைக்கூட ஏற்க இயலாது. குவைத்திற்கும் கத்தாருக்கும் வேறு கடல்வாயிலே இல்லை.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1990-இல் உலகைக் காத்தது சவூதி அரேபியா போன்ற நாடுகளின் உபரி உற்பத்தித் திறன். உலகின் அந்த உபரித் திறனில் பெரும்பகுதி இதே வாயிலுக்குள்தான் இருக்கிறது. வாயில் மூடினால் கப்பலேற்ற முடியாத எண்ணெய் கரைத்தொட்டிகளில் நிரம்பும்; தொட்டிகள் நிரம்பியதும் கிணறுகளை மூட நேரும். அதாவது, ஹோர்முஸில் வழி அடைபட்டால் ஊற்றே அடைபட்டதாகும். ஈரான்-ஈராக் போரில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் தாக்கப்பட்டபோதும் விலை சரிந்ததற்கு, அப்போர் முழுவதும் ஜலசந்தி திறந்திருந்ததும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

சேமிப்பு என்னும் பாலம்

வளைகுடாவிலிருந்து நம் மேற்குக் கரைக்கு எண்ணெய்க் கப்பல் நான்கைந்து நாளில் வந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று வாரத்திற்கு மேலும், அமெரிக்கக் கரையிலிருந்து ஒரு மாதத்திற்கு மேலும் ஆகும். ஆகவே வளைகுடா எண்ணெய் நின்றால், அதே நாளில் வேறு நாட்டில் எண்ணெய் வாங்கிவிட்டாலும், அது கரைசேரும் வரை இடைவெளி ஒன்று விழும். அந்த இடைவெளியைக் கடக்கும் பாலமே சேமிப்பு. போர் முடியும் வரை நாட்டை நடத்துவதற்கென்று எந்த நாடும் எண்ணெயைச் சேமிப்பதில்லை. மாற்றுக் கப்பல் வந்து சேரும் வரை காக்கவே சேமிக்கிறது.

1973-இன் அனுபவத்திற்குப் பின் 1974-இல் தோன்றிய சர்வதேச எரிசக்தி முகமை, தன் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என விதித்தது. நம் நாட்டில் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக் குகைகளில் மொத்தம் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சேமிக்க வசதி செய்யப்பட்டுள்ளது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலக விலை மிகத் தாழ்ந்திருந்தபோது இவை நிரப்பப்பட்டன. 2019-20-ஆம் ஆண்டு நுகர்வின்படி இக்கொள்ளளவு சுமார் ஒன்பதரை நாள் தேவைக்குச் சமம். எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்பு வசதி சுமார் 64 நாள். இரண்டும் சேர்ந்து 74 நாள் அளவு.

நமக்கு வரும் எண்ணெயில் ஏறத்தாழ பாதி நின்றுபோவதாகக் கொள்வோம். ஒன்பதரை நாள் சேமிப்பு அந்தப் பாதிக் குறையை 19 நாள் தாங்கும். மேற்கு ஆப்பிரிக்கக் கப்பல் வந்து சேர மூன்று வாரத்திற்கு மேல் ஆகும். பாலம் மறுகரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே முடிந்துவிடுகிறது. எஞ்சிய நாள்களுக்கு நிறுவனங்களின் கையிருப்பை நம்ப வேண்டும். ஆனால் அக்கையிருப்பில் ஒரு பகுதி, குழாய்களையும் ஆலைகளையும் இயங்கச் செய்வதற்கே எப்போதும் தேவை; கொள்ளளவு வேறு, உள்ளிருக்கும் எண்ணெய் வேறு. நுகர்வு ஆண்டுதோறும் பெருகுவதால், அதே குகைகள் தரும் நாள்கணக்கும் குறைந்துகொண்டே வருகிறது. ஒடிசாவில் சண்டிக்கோலிலும் கர்நாடகத்தில் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன் கொள்ளளவுக்கு 2021-இல் அளிக்கப்பட்ட ஒப்புதலின் அவசரத்தை இக்கணக்கே உணர்த்தும்.

சமையல் எரிவாயுவின் நிலை இன்னும் கவலைக்குரியது. நம் தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து வருகிறது. அழுத்தத்தில் வைக்க வேண்டிய பொருளாதலால், கச்சா எண்ணெயைப் போல் பேரளவில் சேமிப்பது எளிதன்று. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் கீழ் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றுள்ளன. விறகுப் புகையிலிருந்து விடுபட்ட அக்குடும்பங்கள் மீண்டும் விறகிற்குத் திரும்பாமல் காப்பது, குகைகளில் கச்சா எண்ணெயை நிரப்புவதற்கு எவ்வகையிலும் குறைந்த கடமையன்று.

விலைச்சுமையைத் தாங்குவது யார்?

எண்ணெய் தடையின்றி வந்தாலும் விலைச்சுமை இருக்கவே செய்யும். 23 கோடி டன் என்பது ஏறத்தாழ 168 கோடி பீப்பாய். பீப்பாய்க்கு 10 டாலர் ஏறி ஆண்டு முழுவதும் அவ்வாறே நீடித்தால், இறக்குமதிச் செலவு சுமார் 1,680 கோடி டாலர் கூடும். சுத்திகரித்த பொருள்களின் ஏற்றுமதியால் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். எஞ்சியதை நாடு தாங்கியாக வேண்டும்.

அதைத் தாங்கக்கூடியவர் மூவர்: நுகர்வோர், எண்ணெய் நிறுவனங்கள், அரசு. 2002 வரை நிலவிய நிர்வாக விலை முறையில், எண்ணெய்த் தொகுப்புக் கணக்கு என்னும் ஏற்பாடு ஏற்ற இறக்கத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பின்னர் பெட்ரோல் விலை 2010-இலும் டீசல் விலை 2014-இலும் சந்தைக்கு விடப்பட்டன. 2022-இல் ரஷ்யா-உக்ரைன் போரால் விலை 120 டாலரைக் கடந்தபோது, மே மாதத்தில் அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாயும் டீசல் மீது 6 ரூபாயும் குறைத்துச் சுமையில் ஒரு பங்கை ஏற்றது. அதே காலத்தில் ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடி விலையில் வாங்கியதும் சுமையைக் குறைத்தது.

இங்கேதான் முதலில் கூறிய மூன்று வகைப் பாகுபாடு பயன்படுகிறது. எதிர்பார்ப்பால் ஏறிய விலை சில வாரங்களில் இறங்கும்; அதை அரசும் நிறுவனங்களும் தற்காலிகமாகத் தாங்கலாம். வழி நீண்டதால் ஏறிய செலவு மாதக்கணக்கில் நிற்கும்; மாற்று ஒப்பந்தங்களும் கப்பல் ஏற்பாடுகளும் தேவை. ஊற்று அடைபட்டதால் ஏறிய விலையையோ செயற்கையாகத் தாழ்த்தி வைப்பது, இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டுவதேயாகும். அப்போது விலை உண்மையைச் சொல்ல வேண்டும்; நுகர்வு குறைய வேண்டும்; உதவி ஏழைகளுக்கு நேரடியாகச் சென்று சேர வேண்டும். நோயை அறியாமல் ஒரே மருந்தைத் தருவோமாயின், சிறு காய்ச்சலுக்குக் கருவூலத்தைச் செலவிட்டுப் பெருநோய் வரும்போது வெறுங்கையுடன் நிற்க நேரும்.

செய்யத்தக்கவை

வாங்கும் நாடுகளைப் பெருக்குதல், குகைச் சேமிப்பை நுகர்வின் வளர்ச்சியோடு ஈடுகொடுக்கும்படி விரிவாக்குதல், எரிவாயுவிற்குத் தனிச் சேமிப்பு அமைத்தல், இந்தியக் கொடியேந்திய எண்ணெய்க் கப்பல்களின் எண்ணிக்கையை உயர்த்துதல், போர்க்காலக் காப்பீட்டிற்கு உள்நாட்டு ஏற்பாடு காணுதல் ஆகியவை அமைதிக் காலத்தில் செய்ய வேண்டிய பணிகள். 2019-இல் ஓமான் வளைகுடாவில் கப்பல்கள் தாக்கப்பட்டதும் நம் கடற்படை ‘சங்கல்ப்’ நடவடிக்கையைத் தொடங்கி இந்தியக் கப்பல்களுக்குத் துணை சென்றது. அது போன்ற பாதுகாப்பும் எண்ணெய்க் கொள்கையின் ஓர் உறுப்பே. ரயில் பாதைகளை மின்மயமாக்குவதும் பெட்ரோலில் எத்தனால் கலப்பதும், ஜலசந்தியைக் கடந்து வரவேண்டிய கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைப்பவையாதலால், அவையும் பாதுகாப்பு நடவடிக்கைகளேயாம்.

இவற்றில் எதுவும் போர் தொடங்கிய பின் செய்யக்கூடியதன்று. குகை குடைய ஆண்டுகள் ஆகும். கப்பல் கட்டவும் ஆண்டுகள் ஆகும். எண்ணெய் விலை தாழ்ந்திருக்கும் நாள்களில் இச்செலவுகள் வீண் போலத் தோன்றும். தணிக்கையின்போது கேள்விகளும் எழலாம். 1990 ஜூலையில் பீப்பாய் 17 டாலராக இருந்தபோதும் அவ்வாறே தோன்றியிருக்கும். ஓராண்டுக்குப் பின் தங்கம் விமானமேறிய நாளில், அக்கேள்விகளுக்கு விடை தேவைப்படவில்லை.